இரண்டு இருந்தும் ஏன் நின்றுபோகிறது? பழுது தாங்கும் கணினிக்குத் திட்டமிடுவது எப்படி

2023ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதி, சனிக்கிழமை பிற்பகல். சிங்கப்பூரில் டிபிஎஸ், சிட்டிபேங்க் ஆகிய இரு வங்கிகளின் சேவைகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடங்கின. கைப்பேசியில் வங்கிச் செயலியைத் திறக்க முடியவில்லை. ஏடிஎம் இயந்திரங்களும் கைகொடுக்கவில்லை. பணப்பையில் ரொக்கம் வைத்துக்கொள்ளும் பழக்கத்தையே விட்டுவிட்டவர்களுக்கு அந்த வார இறுதி பெரும் சங்கடமாகிவிட்டது. பாதிப்பு மறுநாள் வரை நீடித்தது. 2.5 மில்லியன் வரையிலான கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் நிறைவேறாமல் போயின என்றும், மின்னிலக்க வங்கிச் சேவைக்குள் நுழையச் செய்யப்பட்ட சுமார் 810,000 முயற்சிகள் தோல்வியடைந்தன என்றும் அடுத்த மாதம் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

இத்தனைக்கும் முதலில் பழுதானது கணினி அல்ல. வங்கிகளின் கணினிகள் வைக்கப்பட்டிருந்த ஈக்குவினிக்ஸ் தரவு நிலையத்தில் குளிரூட்டும் முறையை மேம்படுத்தும் பணி நடந்துகொண்டிருந்தது. அப்போது, குளிர்நீர்த் தொட்டிகளிலிருந்து வரும் வால்வுகளை மூடும்படி குத்தகையாளர் தரப்பிலிருந்து தவறான கட்டளை சென்றுவிட்டது. குளிர்நீர் தடைபட்டதும் அறையின் வெப்பம் ஏறியது. கணினிகளால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

இரு வங்கிகளிடமும் வேறிடத்தில் மாற்றுத் தரவு நிலையங்கள் இருந்தன. அங்கே வேலையை மாற்றவும் முயன்றார்கள். ஆனால் டிபிஎஸ் வங்கிக்குக் கணினிக் கட்டமைப்பு தவறாக அமைக்கப்பட்டிருந்ததும், சிட்டிபேங்க்குக்கு இணைப்புக் கோளாறும் தடையாக நின்றன. மாற்று இருந்தும் அது வேண்டிய நேரத்தில் முழுமையாக உதவவில்லை.

கோயில் திருவிழாவுக்கு ஒன்றுக்கு இரண்டாக ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துவிட்டு, இரண்டுக்கும் ஒரே பீப்பாயிலிருந்து டீசல் குழாய் இழுத்தால் என்ன ஆகும்? பீப்பாய் காலியானதும் இரண்டும் ஒன்றாக நிற்கும். கணினி அறைகளிலும் அதுவேதான் நடக்கிறது. எத்தனை சாதனங்கள் வாங்குகிறோம் என்பதைவிட, அவை எதையெல்லாம் பொதுவாக நம்பியிருக்கின்றன என்பதே முக்கியம். அதைப் பெட்டிகள் வந்து இறங்கிய பிறகு யோசிக்க முடியாது. அதற்கு முன்பே தாளில் வரைந்து பார்க்க வேண்டும்.

பழுது தாங்கும் கணினி என்றால் என்ன?

வங்கி, மருத்துவமனை, பங்குச் சந்தை, விமான நிலையம் போன்ற இடங்களில் பலருக்கும் ஒரே நேரத்தில் சேவை வழங்கும் பெரிய கணினியைச் சர்வர், அதாவது சேவையகம் என்கிறோம். சாதாரண சேவையகத்தில் ஒரு பாகம் பழுதானால் வேலை நின்றுவிடும். பழுது தாங்கும் சேவையகத்தில் ஒரு பாகம் பழுதானாலும் வேலை நிற்காது. பயனீட்டாளருக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது.

இந்தத் துறையின் முன்னோடி, 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட டேண்டம் நிறுவனம். 1976ஆம் ஆண்டில் அதன் முதல் கணினி சிட்டிபேங்க் வங்கிக்குச் சென்றது. ஒரு செயலியில் நடக்கும் முக்கிய வேலைக்கு வேறொரு செயலியில் ஒரு துணை தயார் நிலையில் காத்திருக்கும். முதலாவது விழுந்தால் துணை பொறுப்பேற்கும். இதுவே டேண்டத்தின் முறை. 1980ஆம் ஆண்டில் தோன்றிய ஸ்ட்ராட்டஸ் நிறுவனம் வேறு வழியை எடுத்தது. ஒரே கட்டளையை ஒரே கணத்தில் இணையான பாகங்கள் சேர்ந்தே செய்யும். ஒன்று தடுமாறினால் அது விலக்கப்படும். மற்றது நடையை நிறுத்தாமல் போய்க்கொண்டிருக்கும். பழுதான பாகத்தைக் கணினியை நிறுத்தாமலேயே கழற்றிப் புதிதாகப் பொருத்தலாம்.

இவ்வளவு திறமையான இயந்திரத்தையும் ஒரு சுவர் ஓரத்து மின்செருகியால் தோற்கடித்துவிட முடியும். ஆகவே இயந்திரத்தை வாங்குவது பாதி வேலைதான். அதை எங்கே, எதனுடன், எப்படிப் பொருத்துவது என்பது மறு பாதி.

எவ்வளவு நேரம் நின்றால் தாங்கும்?

திட்டமிடும் கூட்டத்தில் எழுப்ப வேண்டிய முதல் கேள்வி இது. 99.9 விழுக்காடு நேரம் இயங்கும் என்று விற்பனையாளர் சொன்னால் காதுக்கு இனிமையாக இருக்கும். கணக்குப் போட்டால், ஆண்டில் ஏறத்தாழ 8 மணி 45 நிமிடம் நிற்கலாம் என்பதே அதன் பொருள். 99.99 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 53 நிமிடம். 99.999 விழுக்காடு என்றால் ஐந்தே கால் நிமிடம்.

சிங்கப்பூர் நாணய ஆணையம் வங்கிகளுக்கு இதில் தெளிவான எல்லை வகுத்திருக்கிறது. முக்கியமான கணினி முறை எதிர்பாராமல் நிற்கும் நேரம், எந்த 12 மாத காலத்தை எடுத்துக்கொண்டாலும் மொத்தம் 4 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

எல்லா நிறுவனங்களுக்கும் இவ்வளவு கட்டுப்பாடு தேவையில்லை. ஒரு துணிக்கடையின் கணக்குக் கணினி அரை நாள் நின்றால் கையால் ரசீது எழுதிச் சமாளிக்கலாம். ஒரு மருத்துவமனையில் நோயாளியின் மருந்து ஒவ்வாமை பற்றிய குறிப்பு கணினிக்குள் மாட்டிக்கொண்டால் நிலைமை வேறு. எந்தச் சேவை எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று முதலில் ஒரு பட்டியல் போட வேண்டும். அதன்படிதான் செலவு செய்ய வேண்டும். எல்லாவற்றையும் பாதுகாக்கப் புறப்பட்டுப் பணம் போதாமல், முக்கியமானதையும் அரைகுறையாக விட்டுவிடுவது பலர் செய்யும் தவறு.

மின்சாரம்: செருகி இரண்டு, பாதை ஒன்றா?

இனி வருவதைப் புரிந்துகொள்ள ஓர் எளிய கணக்கை எடுத்துக்கொள்ளலாம். நடுத்தர நிறுவனம் ஒன்றில் பத்துச் சேவையகங்கள். ஒவ்வொன்றும் 500 வாட் மின்சாரம் எடுக்கிறது. மொத்தம் 5 கிலோவாட். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பயன்படும் 230 வோல்ட் மின்சாரத்தில் இது ஏறத்தாழ 22 ஆம்பியர். வீட்டிலும் அலுவலகத்திலும் உள்ள மூன்று முனைச் செருகியோ 13 ஆம்பியருக்கு மேல் தாங்காது. ஆக, தனி மின்கம்பி இழுக்க வேண்டும். அது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை.

பழுது தாங்கும் சேவையகத்துக்குப் பின்புறம் இரண்டு மின்செருகிகள் இருக்கும். ஒன்றில் மின்சாரம் நின்றாலும் மற்றொன்றில் ஓட வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் பல இடங்களில் இரண்டு செருகிகளையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகிவிடுகிறார்கள். பார்க்க இரண்டு, உண்மையில் ஒன்று. துப்புரவுப் பணியாளர் தூசு உறிஞ்சும் கருவிக்காக ஒரு செருகியைப் பிடுங்கினாலும் கதை முடிந்தது.

சரியான முறை, இரண்டு தனிப் பாதைகளை வரைவது. ‘அ’ பாதைக்குத் தனி சர்க்கிட் பிரேக்கர், தனி யுபிஎஸ், தனிப் பலகை. ‘ஆ’ பாதைக்கும் அதேபோல் வேறொன்று. இரண்டு பாதைகளும் கட்டடத்தின் வெவ்வேறு மின்பகிர்வுப் பெட்டிகளிலிருந்து வந்தால் இன்னும் நல்லது. வரைபடத்தில் ஒன்றைச் சிவப்பாலும் மற்றொன்றை நீலத்தாலும் வரைந்து, எந்த இடத்தில் இரண்டு நிறங்களும் சந்திக்கின்றன என்று பார்க்க வேண்டும். சந்திக்கும் இடம்தான் ஆபத்தான இடம்.

இங்கே இன்னொரு கணக்கும் உண்டு. இரண்டு பாதைகளும் சேர்ந்து பாரத்தைச் சுமக்கும்போது ஒவ்வொன்றும் தன் கொள்ளளவில் பாதிக்கும் குறைவாகவே சுமக்க வேண்டும். ‘அ’ 70 விழுக்காடு, ‘ஆ’ 70 விழுக்காடு என்று ஓடிக்கொண்டிருந்தால் அன்றாடம் எந்தத் தொல்லையும் இருக்காது. ஒன்று விழுந்த அந்த நொடியில் மற்றதன் தலையில் 140 விழுக்காடு ஏறும். அதுவும் உடனே துண்டிக்கும். முதலில் ஐந்து சேவையகங்களுடன் சரியாகத் தொடங்கி, ஆண்டுக்கு ஒன்றிரண்டாகக் கூட்டிக்கொண்டே போகும் அறைகளில் இந்த எல்லை யாருக்கும் தெரியாமல் தாண்டப்பட்டுவிடுகிறது.

பாதைகள் சந்திக்கும் இடத்தின் ஆபத்துக்கு 2014ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி நடந்தது நல்ல சான்று. அன்று பிற்பகல் சிங்கப்பூர் பங்குச் சந்தையில் வர்த்தகம் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் நின்றது. மின்னழுத்தத்தில் ஏற்பட்ட சிறு தடுமாற்றத்தின்போது, தரவு நிலையத்தின் மாற்று மின் இயந்திரங்களில் ஒன்று சரியாக வேலை செய்யவில்லை. அதிலிருந்து வந்த மின்சாரத்தின் அலைவரிசை வழக்கமான மின்சாரத்தோடு ஒத்துப்போகவில்லை. இரண்டும் கலந்தபோது எழுந்த மின்வேகம் மின்சாரத்தையே துண்டித்துவிட்டது. காப்பாற்ற வைத்த ஏற்பாடே கவிழ்த்துவிட்டது.

குளிர்ச்சி: மறக்கப்படும் உயிர்நாடி

சேவையகம் எடுக்கும் மின்சாரம் அனைத்தும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேறும். ஒரு வாட் மின்சாரம், மணிக்கு 3.4 பிடியு வெப்பம். மேலே சொன்ன 5 கிலோவாட், மணிக்கு ஏறத்தாழ 17,000 பிடியு. கடையில் விற்கும் ஒரு குதிரைத்திறன் குளிர்சாதனம் ஏறத்தாழ 9,000 பிடியு வெப்பத்தை நீக்கும். அப்படியானால் இரண்டு குளிர்சாதனங்கள் போதுமா?

இரண்டும் வேலை செய்யும்வரை போதும். ஒன்று பழுதானால் பாதி வெப்பம் அறைக்குள்ளேயே தங்கும். மூன்று பொருத்தினால், ஒன்று நின்றாலும் மீதி இரண்டு சமாளிக்கும். தேவைக்கு மேல் ஒன்று என்பதுதான் இந்தத் துறையின் அடிப்படை விதி. சுவர்களிலிருந்தும் ஆட்களிடமிருந்தும் வரும் வெப்பத்துக்கும் சற்றுக் கூடுதல் இடம் விட வேண்டும்.

அலுவலகக் கட்டடங்களில் இன்னொரு பொறி உண்டு. கட்டடத்தின் பொதுக் குளிரூட்டும் முறை மாலையிலும் வார இறுதியிலும் நிறுத்தப்படும். வேலை நாளில் பார்வையிட வரும் விற்பனையாளருக்கு அறை குளுகுளுவென்று இருக்கும். சனிக்கிழமை இரவு அதே அறை அடுப்பாகும். சேவையக அறைக்கு 24 மணி நேரமும் ஓடும் தனிக் குளிர்சாதனம் கட்டாயம் வேண்டும்.

யுபிஎஸ் விஷயத்திலும் கவனம் தேவை. மின்சாரம் போனால் சேவையகம் பேட்டரியில் ஓடும். ஆனால் சிறிய அறைகளில் குளிர்சாதனம் பெரும்பாலும் யுபிஎஸ்சில் இணைக்கப்படுவதில்லை. கணினி ஓடுகிறது, குளிர்ச்சி இல்லை. மூடிய சிறிய அறையில் சில நிமிடங்களிலேயே வெப்பம் ஏறத் தொடங்கும். பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கும் என்று பெருமைப்பட்டுப் பயனில்லை; அந்த ஒரு மணி நேரம் அறை தாங்குமா என்று கேட்க வேண்டும். ஜெனரேட்டர் இருந்தால், அது எழுந்தவுடன் குளிர்சாதனமும் தானாக ஓடத் தொடங்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கக் குளிரூட்டும் பொறியாளர் அமைப்பான ஆஷ்ரே, சேவையகங்களுக்கு 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையைப் பரிந்துரைக்கிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்த, வெப்பமண்டலத் தரவு நிலையங்கள் 26 டிகிரியிலும் அதற்கு மேலும் இயங்குவதற்கான தர நிர்ணயத்தை 2023ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வெளியிட்டது. இது வரவேற்கத்தக்க சிக்கனம். அதே வேளையில், அறை ஏற்கெனவே வெதுவெதுப்பாக இருந்தால் குளிர்ச்சி நிற்கும்போது கிடைக்கும் அவகாசம் குறையும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தரை, கதவு, தண்ணீர்க் குழாய்

சேவையகங்களை அடுக்கும் ரேக் எனப்படும் இரும்புச் சட்டம் ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரம் இருக்கும். அது மின்தூக்கிக்குள் நிமிர்ந்து நுழையுமா, அறைக் கதவில் இடிக்குமா என்று அளந்து பார்க்காமல் விட்டால், பொருள் வந்து இறங்கும் நாளில் வாசலிலேயே நிற்கும். அவசரத்தில் சாய்த்து இழுக்கும்போதுதான் சேதம் ஏற்படுகிறது.

எடையும் முக்கியம். அலுவலகத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 250 முதல் 350 கிலோ வரையிலான பாரத்தை மனத்தில் வைத்துக் கட்டப்படுகின்றன. 600 கிலோ எடையுள்ள ரேக் ஒன்று 0.6 சதுர மீட்டர் இடத்தில் நின்றால், அந்த இடத்தில் விழும் பாரம் சதுர மீட்டருக்கு 1,000 கிலோ. ஈயப் பேட்டரிகள் நிறைந்த யுபிஎஸ் இதைவிடவும் கனமாக இருக்கக்கூடும். கட்டடப் பொறியாளரிடம் கேட்காமல் இடத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

முன்புறம் ஒரு மீட்டருக்குக் குறையாமல் இடம் விட்டால்தான் சேவையகத்தை வெளியே இழுத்துப் பழுதுபார்க்க முடியும். பின்புறமும் ஆள் நிற்க இடம் வேண்டும். சேவையகம் முன்பக்கமாகக் குளிர்காற்றை இழுத்துப் பின்பக்கமாக வெப்பக்காற்றை விடும். ஒன்றின் முதுகை மற்றொன்றின் முகத்துக்கு நேரே வைத்தால், முதலாவது கக்கும் வெப்பத்தை இரண்டாவது விழுங்கும். முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகு என்று வரிசைப்படுத்த வேண்டும்.

மேலே அண்ணாந்து பார்ப்பதும் திட்டத்தின் ஒரு பகுதி. மேல்மாடியில் கழிவறை இருக்கிறதா? தண்ணீர்க் குழாய் கூரைக்குள் ஓடுகிறதா? குளிர்சாதனத்தின் நீர் வடியும் குழாய் ரேக்கிற்கு நேர் மேலே வருகிறதா? அடைத்துக்கொண்ட சிறு குழாயிலிருந்து சொட்டும் நீர் போதும், இரட்டைப் பாகங்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் நனைப்பதற்கு. பழுது தாங்கும் சேவையகத்தின் இரு பாதிகளும் ஒரே ரேக்கில்தான் இருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது.

கம்பிகள் எந்த வழியாகப் போகின்றன?

இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கிவிட்டால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டின் கம்பிகளும் ஒரே சாலையோரக் குழியில், ஒரே குழாய்க்குள், ஒரே தொலைபேசி நிலையம் வழியாகச் சென்றால் அந்தப் பாதுகாப்பு ஏட்டுச் சுரைக்காய்.

2013ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் தேதி சிங்டெல் நிறுவனத்தின் புக்கிட் பாஞ்சாங் தொலைபேசி நிலையத்தில் தீப்பிடித்தது. பராமரிப்புப் பணியின்போது அனுமதியின்றித் தீக்குழல் பயன்படுத்தப்பட்டதே காரணம். கண்ணாடியிழைக் கம்பிகள் கருகியதால் தீவின் வடபகுதியில் வீடுகளும் நிறுவனங்களும் இணைப்பை இழந்தன. வங்கிக் கிளைகளும் தப்பவில்லை. அடுத்த ஆண்டு சிங்டெலுக்கு 6 மில்லியன் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கேட்க வேண்டிய கேள்வி: “உங்கள் கம்பி எந்த வழியாக எங்கள் கட்டடத்துக்குள் வருகிறது?” ஒன்று முன்வாசல் பக்கமாக வந்தால் மற்றொன்று பின்பக்கமாக வர வேண்டும். உள்ளேயும் இரண்டும் வெவ்வேறு மாடிக் குழாய் வழியாக ஏற வேண்டும்.

பேட்டரியும் இரண்டாவது இடமும்

அண்மை ஆண்டுகளில் லித்தியம் அயன் பேட்டரிகள் யுபிஎஸ்சில் பரவலாக இடம்பெற்றுள்ளன. எடை குறைவு, ஆயுள் அதிகம். ஆனால் தீப்பிடித்தால் அணைப்பது மிகவும் கடினம். 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் தேதி சிங்கப்பூரின் லோயாங் பகுதியில் டிஜிட்டல் ரியால்டி நிறுவனத்தின் தரவு நிலையத்தில் இத்தகைய பேட்டரிகளில் தீப்பற்றியது. அங்கிருந்து இயங்கிய அலிபாபா மேகக் கணினிச் சேவை பாதிக்கப்பட்டது.

அதைவிடப் பெரிய பாடம் தென்கொரியாவிலிருந்து வந்தது. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் தேதி டேஜோன் நகரில் உள்ள அரசாங்கத் தரவு நிலையத்தில், பேட்டரிகளை இடம் மாற்றும் பணியின்போது தீ மூண்டது. 600க்கும் மேற்பட்ட அரசாங்கக் கணினிச் சேவைகள் நின்றன. அரசாங்க ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த பொதுச் சேமிப்பகத்தில் இருந்த 858 டெராபைட் தரவுகளுக்கு வேறிடத்தில் நகல் இல்லை. அவை அழிந்தன.

பேட்டரிக்குத் தனி அறை, தீ தாங்கும் சுவர், தனிக் காற்றோட்டம் ஆகியவை தேவை. தரவுக்கு வேறிடத்தில் நகல் தேவை. பழுது தாங்கும் சேவையகமும் நகலும் ஒன்றல்ல. ஊழியர் ஒருவர் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், இரட்டைப் பாகங்கள் இரண்டும் கீழ்ப்படிந்து ஒரே கணத்தில் அதை அழித்துவிடும். நேற்றைய நகல் வேறெங்கோ இருந்தால் மட்டுமே மீட்க முடியும்.

இரண்டாவது இடம் எவ்வளவு தொலைவில் இருக்கலாம்? கண்ணாடியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. 100 கிலோமீட்டர் போய்த் திரும்ப ஒரு மில்லி விநாடி. ஒவ்வொரு பதிவையும் இரு இடங்களிலும் எழுதிய பிறகே அடுத்ததைத் தொடுவது என்றால், தொலைவு கூடக் கூட வேகம் குறையும். கோலாலம்பூருக்கும் சைபர்ஜெயாவுக்கும் இடையே இது பெரிய விஷயமல்ல. கோலாலம்பூருக்கும் ஜோகூருக்கும் இடையே 300 கிலோமீட்டருக்கு மேல் உள்ளதால், சில விநாடிகள் பின்தங்கிய நகலை ஏற்பதா, வேகத்தை விட்டுக்கொடுப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

செருகியைப் பிடுங்கிப் பார்க்கும் நாள்

பொருத்தி முடித்ததும் நாடா வெட்டிப் படம் எடுத்துக்கொள்வதற்கு முன்னால் ஒரு நாளை ஒதுக்க வேண்டும். உண்மையான தரவுகளை ஏற்றுவதற்கு முன்பே அந்த நாள் வர வேண்டும். ‘அ’ பாதையின் மின்சாரத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். மீண்டும் கொடுத்துவிட்டு ‘ஆ’ பாதையை நிறுத்த வேண்டும். ஒரு குளிர்சாதனத்தை ஒரு மணி நேரம் அணைத்து, வெப்பம் எவ்வளவு ஏறுகிறது என்று எழுதி வைக்க வேண்டும். இணையக் கம்பி ஒன்றைக் கழற்ற வேண்டும். வட்டு ஒன்றை உருவி எடுக்க வேண்டும். கடைசியாக, முதல் இடத்தையே முழுமையாக மூடி இரண்டாவது இடத்தில் வேலை நடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பல நிர்வாகிகளுக்கு இது வயிற்றைக் கலக்கும் வேலை. “நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை ஏன் நோண்ட வேண்டும்?” என்பார்கள். பிடுங்கிப் பார்க்க அஞ்சும் அமைப்பை யாருமே நம்பவில்லை என்றுதான் அதற்குப் பொருள். சோதிக்கப்படாத மாற்று ஏற்பாடு வெறும் நம்பிக்கை மட்டுமே. 2023ஆம் ஆண்டில் இரு வங்கிகளின் மாற்று நிலையங்களும் முழுமையாகக் கைகொடுக்காமல் போனது இதையே உணர்த்துகிறது.

சத்தமில்லாத ஆபத்து

பழுது தாங்கும் கணினிக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. அது பழுதை மறைத்துவிடும். இரண்டில் ஒன்று செத்துப்போனாலும் வேலை நடந்துகொண்டே இருக்கும். யாரும் புகார் செய்யமாட்டார்கள். பூட்டிய அறைக்குள் ஒரு சிறு விளக்கு மஞ்சளாக மினுங்கிக்கொண்டிருக்கும். மாதங்கள் கழித்து இரண்டாவதும் போகும்போதுதான், முதலாவது எப்போதோ போய்விட்டது என்று தெரியவரும். எனவே எச்சரிக்கை ஒரு மனிதரின் கைப்பேசிக்குப் போய்ச் சேர வேண்டும். அவர் விடுப்பில் இருந்தால் அடுத்தவருக்குப் போக வேண்டும். எச்சரிக்கை அனுப்பும் கருவியும் அதே சேவையகத்தை நம்பி இருக்கக் கூடாது.

பழுதுபார்க்கும் கையும் திட்டத்துக்குள் அடங்கியதே. 2010ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி அதிகாலையில் டிபிஎஸ் வங்கியின் சேவைகள் சுமார் ஏழு மணி நேரம் நின்றன. தரவுச் சேமிப்பகத்தின் ஓர் இணைப்பு நிலையாக இல்லை என்று கணினி எச்சரித்தது. அந்தக் குறையோடும் சேமிப்பகம் முழுமையாக வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அதைச் சரிசெய்ய வந்த ஐபிஎம் ஊழியர்கள் காலாவதியான செயல்முறையைப் பின்பற்றியதால் மொத்த அமைப்பும் விழுந்தது. பழுதைத் தாங்கிய கணினி, பழுதுபார்த்ததைத் தாங்கவில்லை. கூடுதலாக 230 மில்லியன் வெள்ளி மூலதனத்தை ஒதுக்கிவைக்கும்படி நாணய ஆணையம் வங்கிக்கு உத்தரவிட்டது.

இதைத் தடுக்கப் பெரிய செலவு தேவையில்லை. ஒவ்வொரு கம்பியின் இரு முனைகளிலும் பெயர்ச் சீட்டு. ‘அ’ பாதைக்கு ஒரு நிறம், ‘ஆ’ பாதைக்கு வேறு நிறம். மாற்றம் செய்த அன்றே திருத்தப்படும் வரைபடம். எந்தப் பாகத்தை எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்ற புதிய செயல்முறைத் தாள். குத்தகையாளர் தொடும் முன் நிறுவனத்தின் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்க வேண்டும். ஒரு பாதையில் வேலை நடக்கும் நாளில் மற்றப் பாதையை யாரும் தொடக் கூடாது.

நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. கூட்டுறவுச் சங்கத் தலைவரோ, பள்ளி வாரிய உறுப்பினரோ, மருந்தக உரிமையாளரோ, விற்பனையாளர் விரித்துக் காட்டும் வரைபடத்தில் விரலை வைத்து ஒவ்வொரு இரட்டைக்கும் ஒரே கேள்வியைக் கேட்டால் போதும்: “இவை இரண்டும் சேர்ந்து நம்பியிருப்பது எது?” மின்பெட்டியா, குளிர்நீரா, தரைக்கடிக் குழாயா, சாவி வைத்திருக்கும் ஒரே ஊழியரா என்று பதில் வரும். பதில் வரும் இடத்தில்தான் அடுத்த பணத்தைச் செலவிட வேண்டும். அதற்குப் பணம் இல்லையென்றால், அது நிற்கும் நாளில் வாடிக்கையாளருக்கு என்ன சொல்வது, கையால் எப்படிச் சமாளிப்பது என்பதையாவது இப்போதே எழுதி வைக்க வேண்டும்.